நாற்பத்தேழு குச்சி மிச்சம்

குடியாத்தம். பேர்ணாம்பட்டு ரோடு.
மருந்து முக்கும் கொட்டகைக்குப் பின்னால் கணக்கு ரூம்.
வெள்ளி ராத்திரி பதினொன்று பத்துக்கு
குச்சி எண்ணும் மெஷின்
ஒரு எண்ணைக் காட்டியது.
அடுத்த குச்சி விழுந்ததும் கடனாளி ஆனது.

"இன்னாம்மா சுகந்தி, மைனஸ் காட்டுது?
இருநூத்திப் பதினாலு கோடி குச்சி
நாம யாருக்குத் தரணும்?"
முனிரத்தினம் மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது.

யாருக்கும் இல்லை அண்ணே.
அதனிடம் இருப்பது முப்பத்திரண்டு விளக்கு,
ஒன்று கடனைக் காட்ட மட்டும்.
பதின்மூன்று மாதம் ஏற்றி ஏற்றி
முப்பத்தொன்றும் சேர்ந்து எரிந்த நொடி அது.
அதற்கு மேல் ஒரே ஒரு குச்சி,
அத்தனையும் அணைந்து
கடன் விளக்கு தனியாய் எரிகிறது.
காட்பாடி ஆள் காலையில் வருவான்.

அவர் டீக்குப் போனார்.
நான் எண்ணோடு இருந்தேன்.

இருநூற்றுப் பதினான்கு கோடியே
எழுபத்து நான்கு லட்சத்து
எண்பத்து மூவாயிரத்து
அறுநூற்று நாற்பத்தேழு.

பெட்டிக்கு ஐம்பது போட்டேன்,
நாற்பத்தேழு குச்சி மிச்சம்.
நாற்பது போட்டால் ஏழு வெளியே.
அறுபது போட்டாலும் அதே ஏழு.
பெட்டி நிரப்பும் பெண்கள் முப்பத்தொரு பேர்,
ஆளுக்கு ஆறு கோடியே தொண்ணூற்றிரண்டு லட்சத்துச் சொச்சம்
சரிசமமாய்க் கொடுத்தாலும்
ஒரு குச்சி நிற்கிறது
எவள் பேரிலும் எழுத முடியாமல்.

ஒன்று குறைந்த பக்கத்து எண்ணோ பந்தி வைத்த வீடு.
இரண்டு, மூன்று, ஏழு, பதினொன்று,
முப்பத்தொன்று, நூற்றைம்பத்தொன்று,
எல்லாரும் உட்கார்ந்து மீதி வைக்காமல் எழுந்தவர்கள்.
அந்தப் பக்கத்து வீட்டில் இரண்டைத் தவிர ஆளே இல்லை.
நடுவில் இது, கதவு திறக்காமல்.

கதவு திறக்காது என்று எப்படித் தெரியும்?
எல்லா விளக்கும் எரிவதை நம்ப முடியாது.
பதினொரு விளக்கை ஏற்று, இரண்டாயிரத்து நாற்பத்தேழு.
இருபத்து மூன்றும் எண்பத்தொன்பதும்
சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டு போய்விடும்.

பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தோடு நின்றவள் நான்.
ஒன்றை மட்டும் மறக்கவில்லை:
இதை உடைக்க ஒரு பகா எண் வருமானால்
அறுபத்திரண்டின் மடங்கோடு ஒன்று சேர்த்த
வாசலில்தான் வரும்.
நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பது வரை காத்திருந்தால் போதும்,
அதற்கப்பால் வருகிறவன் கூட்டாளி இல்லாமல் வரமாட்டான்,
கூட்டாளி முன்பே வந்து போயிருப்பான்.

பழைய ஸ்டாக் லெட்ஜரின் முதுகில் பென்சில்.
முந்நூற்றுப் பதினொன்று வந்தது, மீதி முப்பத்தைந்து.
நானூற்று முப்பத்து மூன்று, மீதி இருநூற்று இருபத்தொன்பது.
கரண்ட் போனது. மெழுகுவத்தி ஏற்றினேன்,
கணக்கில் வராத குச்சியால்.
வெளியே கௌண்டன்ய ஆறு மணலாய்க் கிடந்தது.

"இன்னும் முடிலியா?"
"முடியாததுதான் கணக்கு அண்ணே."
"பாவம், ஒண்டிக்கட்டை எண்ணு போல."
எனக்குக் கோபம் வந்தது, ஏனென்று தெரியவில்லை.
ஒண்டி என்றால் யாரும் வரவில்லை என்று அர்த்தம்.
இங்கே வரிசை கட்டி வந்தார்கள்.
ஒவ்வொருவருக்கும் மீதி கொடுத்து அனுப்பியது.

விடியும்போது நான் ஆறாயிரத்துச் சொச்சத்தில்.
மிச்சத்தை எப்போதோ யாரோ போட்டு முடித்தாயிற்று, தெரியும்.
என் பென்சில் அதைப் படித்ததில்லை.

காட்பாடி ஆள் ஒன்பதரைக்கு வந்தான்.
"ஜீரோ பண்ணிட்டேன் மேடம்.
விளக்கையும் ஜாஸ்தி பண்ணியாச்சு,
அறுபத்து மூணு. இனி நம்ம ஆயுசுக்கும் நிரம்பாது."

அறுபத்து மூன்று.
மூன்று மூன்றாய்ப் பிரித்தால் இருபத்தொரு கட்டு,
மூன்று விளக்கு எரிந்தால் ஏழு.
நிரம்பும் நாளில் ஏழு உள்ளே புகுந்துவிடும்,
பென்சில் எடுக்காமலே சொல்வேன்.

அவனிடம் சொல்லவில்லை.
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
திரையில்: ஒன்று. இரண்டு. மூன்று.